மியூசினின் சிஸ்-டி டொமைன்: டைசல்ஃபைடு இணைப்புகள் சரியாக அமைய என்ன வழி?

நண்பர்களே, புரத வெளிப்பாட்டில் கை தேர்ந்தவர்கள் உதவ வேண்டும்.

சளியில் இருக்கும் புரதமான எம்யூசி5பி (MUC5B) மியூசினின் ஒரு சிஸ்-டி (CysD) டொமைனை, அதாவது தனியாக மடியும் ஒரு பகுதியை மட்டும் தனியாகத் தயாரித்துக்கொண்டிருக்கிறேன். சுமார் 110 அமினோ அமிலம்தான். ஆனால் அதற்குள் 10 சிஸ்டீன், அதாவது சிஸ்டீன்கள் இரண்டிரண்டாகக் கந்தகம் வழியே சேரும் 5 டைசல்ஃபைடு இணைப்புகள். சாதாரண ஈ.கோலையில் முழுவதும் இன்க்ளூஷன் பாடியாக, அதாவது கரையாத புரதக் கட்டியாகப் போய்விடுகிறது. யூரியாவில் கரைத்து, குளூட்டத்தயோன் சேர்த்து மறுபடி மடித்துப் பார்த்தேன். டைசல்ஃபைடை உடைக்கும் டிடிடி போட்டு ஜெல் ஓட்டினால் 12 கிலோடால்டன் பக்கத்தில் அழகான ஒற்றைப் பட்டை. டிடிடி இல்லாமல் ஓட்டினால் மேலே வரைக்கும் ஏணிப்படி! மூலக்கூறுகள் தங்களுக்குள் குறுக்கே பிணைந்துகொள்கின்றன என்றுதான் படுகிறது.

இப்போது இரண்டு யோசனை. ஒன்று, சைட்டோபிளாசத்திலேயே டைசல்ஃபைடு உருவாக விடும் ஷஃபிள் வகை ஈ.கோலை. இன்னொன்று, ஹெச்.இ.கே.293 (HEK293) என்ற மனித செல்லில் சுரக்க வைப்பது. செலவு அதிகம்தான். ஆனால் இந்த டொமைனில் டபிள்யூ-எக்ஸ்-எக்ஸ்-டபிள்யூ வரிசை (டபிள்யூ டிரிப்டோபான், எக்ஸ் எந்த அமினோ அமிலமும்) இருக்கிறது. அதில் நடக்கும் சி-மேனோசைலேற்றம், அதாவது மேனோஸ் சர்க்கரை ஒட்டுவது, பாக்டீரியாவில் நடக்காது. அது இல்லாமல் மடிப்பு நிலைக்குமா என்பதே என் பெரிய சந்தேகம். ரத்தம் உறைய உதவும் வான் வில்பிராண்டு காரணியின் டி டொமைன்களையோ, சிஸ்டைன் முடிச்சு டொமைன்களையோ கையாண்டவர்கள் எந்தப் பக்கம் போனீர்கள்?

அப்புறம், எந்த சிஸ்டீன் எதோடு இணைந்திருக்கிறது என்று மாஸ் ஸ்பெக்கில் (நிறை நிறமாலைமானியில்) பார்க்க வேண்டும். அதற்குப் புரதத்தை வெட்டும் டிரிப்சின் நொதிக்கு வேண்டிய பிஎச்-இல் இணைப்புகள் இடம் மாறிவிடும் என்று பயமாக இருக்கிறது. என்-எத்தில்மாலிமைடு போட்டு இணையாத சிஸ்டீன்களை முதலிலேயே அடைத்தால் போதுமா, இல்லை அமிலத்தில் வேலை செய்யும் பெப்சினுக்கே போய்விடலாமா? பெப்சின் கண்டபடி வெட்டுவதால் தரவை அலசுவது தலைவலி, தெரியும்.