முதன்மைத் தொடர் ஓடும்போதே இன்னொன்றைத் தொடங்கலாமா?

கரிக்கோல்:

நான் விடாமல் படித்துவரும் வெப்காமிக் (இணையத்தில் பக்கம் பக்கமாக வரும் படக்கதை) ஒன்றில் போன வாரம் புதுப் பக்கத்துக்குப் பதிலாக ஓர் அறிவிப்பு வந்தது. அதை வரைபவர் கூடவே ஒரு குட்டிப் பக்கத் தொடரும் தொடங்குகிறாராம், கவலைப்பட வேண்டாமாம், பழைய தொடரும் வழக்கம்போல் வருமாம். இதே வரியை இதற்கு முன் எத்தனை பேர் எழுதிவிட்டார்கள்! முதல் மாதம் இரண்டும் வரும். அப்புறம் வாரத்துக்கு இரண்டு பக்கம் என்பது ஒன்றாகும். அந்த ஒன்றும் வெறும் பென்சில் கோட்டோடு வரும். கடைசியில் கதாநாயகி கதவைத் திறக்கக் கையை நீட்டியபடியே ஒரு வருஷம் நிற்பாள்.

என் கட்சியைச் சொல்லிவிடுகிறேன். நெடுங்கதை வரைபவர் அதை முடிக்கும்வரை, போகட்டும், கையில் இருக்கும் அத்தியாயத்தையாவது முடிக்கும்வரை, வேறு தொடரைத் தொடக்கூடாது. நானும் வரைகிறவன்தான். ஒரு முழு வண்ணப் பக்கம் என்றால் தம்ப்நெயில் (குட்டி மாதிரி வரைவு), பென்சில், மை, அடிவண்ணம், நிழல், வசன பலூன் என்று போகும். பகலில் வேறு வேலை பார்ப்பவருக்கு வாரத்தின் இரவுகள் அதற்கே சரியாகிவிடும். இதில் இன்னொன்றை எங்கே செருகுவது?

நாலுகட்டம்:

சகோ, வரைகிறவர் மனிதர், அச்சு எந்திரம் இல்லை. ஒரே ஐந்து முகங்களை ஆறேழு வருஷம் வரைந்தால் கை தானாக ஓடும், மனசு ஓடாது. அந்தச் சலிப்பு பக்கத்தில் தெரியும். சின்னதாக வேறொன்று வரைந்துவிட்டு வந்தால் பழைய தொடருக்கும் நல்லதுதான்.

உதாரணம் வேண்டுமா? எக்ஸ்கேசிடி என்ற குச்சி மனிதர் வெப்காமிக். 2005-இல் தொடங்கியது, திங்கள், புதன், வெள்ளி என்று வாரத்துக்கு மூன்று. 2012-இல் அதை வரைகிற அதே ஆள் வாசகர்களின் விநோதக் கேள்விகளுக்கு அறிவியல் பதில் எழுதும் இன்னொரு தளத்தைத் தொடங்கினார். 2014-இல் அது புத்தகமாகவே வந்தது. மூன்று நாள் காமிக் நின்றதா? நிற்கவில்லை.

கரிக்கோல்:

குச்சி மனிதர்கள் நண்பரே! முன்தினம் சொன்னதை மறுநாள் தொடர வேண்டிய அவசியமும் இல்லை, ஒவ்வொன்றும் தனி. நான் பேசுவது தொடர்கதையைப் பற்றி. இருபதாம் பக்கத்தில் வைத்த துப்பாக்கியை இருநூறாம் பக்கத்தில் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டியவரைப் பற்றி.

தவிர, நீங்கள் சொன்ன உதாரணத்தையே இன்னும் கொஞ்சம் பாருங்கள். வாரம் ஒன்று என்று தொடங்கிய அந்தக் கேள்வி பதில் பிற்பாடு எப்போதாவது வருவதாக ஆனது. இரண்டில் ஒன்று மெலியத்தான் செய்தது. அவர் மெலியவிட்டது பக்க வேலையை. பலர் மெலியவிடுவது முதன்மைத் தொடரை. என் கோபமெல்லாம் அந்த இரண்டாவது ரகத்தின் மேல்தான்.

மைத்தடம்:

குச்சி மனிதர்கள் வேண்டாம் என்றால் குவெஸ்ச்சனபிள் கன்டென்டை எடுத்துக்கொள்ளுங்கள். 2003 முதல் வருகிறது, வாரத்தில் ஐந்து நாள், தொடர்கதை, முழு வண்ணம். அதே ஓவியர் 2014-இலிருந்து 2017 வரை ஆலிஸ் குரோவ் என்று முற்றிலும் வேறு மாதிரி ஓர் அறிவியல் புனைகதையும் வரைந்தார். அதை முடித்தும் வைத்தார். முதல் தொடர் தன் பாட்டுக்குப் போனது.

என் அனுபவத்தில், கேட்க வேண்டிய கேள்வி பக்க வேலை எதைத் தின்கிறது என்பது. ஷ்லாக் மெர்சனரியை வரைந்தவர் 2000 ஜூன் 12 தொடங்கி 2020 ஜூலை வரை ஒருநாள்கூடத் தவறாமல் போட்டார். அதற்கு நடுவே 2008-இலிருந்து எழுத்துக்கலை பற்றிய பாட்காஸ்ட் ஒன்றிலும் பேசிவந்தார். பேசுவதற்குத் தூரிகை பிடிக்கும் மணிக்கட்டு வேண்டாம். அதனால் வரைகிற நேரத்தில் அது கை வைக்கவில்லை. பகலெல்லாம் மை போட்டுவிட்டு இரவில் இன்னொரு தொடருக்கும் மை போடுவது வேறு சமாசாரம். மணிக்கட்டு இரண்டு கணக்கு வைத்துக்கொள்ளாது.

புதன்கிழமை வாசகி:

நான் வரைபவள் இல்லை, வெறும் வாசகி. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். தேதி தவறாமல் வருகிறது என்பதை வைத்தே எல்லோரும் பேசுகிறீர்கள். எங்கள் கண்ணில் படுவது வேறு.

பெயர் வேண்டாம், ஒரு தொடர். மூன்றாம் அத்தியாயத்தில் அந்த நூலகத்தை வரைந்திருப்பார் பாருங்கள், ஏணியின் படி தேய்ந்திருப்பது வரை தெரியும். அலமாரியில் ஒரு புத்தகம் தலைகீழாக இருக்கும், அது பின்னால் கதைக்கே உதவும். பிறகு ஓவியர் இரண்டாவது தொடர் தொடங்கினார். ஏழாம் அத்தியாயத்தில் அதே நூலகத்துக்குக் கதை திரும்பி வந்தது. பின்னணி முழுக்கப் பழுப்பு நிறச் சாயம். எல்லாப் பேனலும், அதாவது ஒவ்வொரு கட்டமும், கழுத்துக்கு மேலேதான், கைகளை வரைய வேண்டி வரக்கூடாது என்பதற்காக. தேதி ஒன்றுகூடத் தவறவில்லை. அந்தப் புதன்கிழமைகளுக்கு நான் காத்திருப்பதுதான் நின்றுபோனது.

நாலுகட்டம்:

கழுத்துக்கு மேலே வரைவது எங்கள் எல்லோருடைய குலத்தொழில் அம்மணி, அதற்குப் பக்கத் தொடர் தேவையே இல்லை :)

ஆனால் நீங்கள் சொன்னது புரிகிறது. ஒரு கேள்வி மட்டும். அந்த ஓவியர் இரண்டாவதைத் தொடங்காமல் இருந்திருந்தால் ஏழாம் அத்தியாயத்தில் ஏணி வந்திருக்கும் என்று எப்படிச் சொல்கிறீர்கள்? அவர் அதற்குள் ஓய்ந்துபோயிருக்கலாம் இல்லையா?

சும்மா ஒருவன்:

இங்கே ஒன்-பஞ்ச் மேன் பெயர் இன்னும் வராதது ஆச்சரியம். நானே இழுத்துவிடுகிறேன். ஒன் என்ற புனைபெயரில் எழுதுபவர் 2009-இல் இணையத்தில் தொடங்கிய கதை. 2012-இலிருந்து யூசுகே முராட்டா என்ற ஓவியர் அதையே திரும்ப வரையத் தொடங்கினார். அதே 2012-இல் ஒன், ‘மாப் சைக்கோ 100’ என்ற வேறொரு தொடரையும் ஆரம்பித்தார். 2017 தொடக்கத்தில் இணைய மூலக்கதை நின்றது. "பார், இரண்டாவது தொடர் முதலாவதை முழுங்கிவிட்டது" என்று எல்லோரும் சொன்னார்கள். மாப் சைக்கோ 2017 கடைசியில் முடிந்தது. மூலக்கதை திரும்பி வந்தது 2019-இல்!

நடுவில் உள்ள அந்த ஓராண்டுக்கும் மேலான மௌனத்துக்கு யார்மேல் பழி போடுவீர்கள்? முடிந்துபோன தொடர் மேலா?

மைத்தடம்:

இது நல்ல கேள்வி, இதை அப்படியே விட்டுவிடக்கூடாது.

பக்கத் தொடர் எப்போது பிறக்கிறது என்று கவனியுங்கள். முதன்மைக் கதை தடையில்லாமல் சரசரவென்று ஓடும்போது யாருக்கும் புது யோசனை வராது, அந்தக் காட்சியை வரைந்து முடிக்கவே கை பரபரக்கும். போர்க்களம் வரைய வேண்டிய பக்கம் வரும், நாற்பது குதிரை. அல்லது கொலைகாரன் யார் என்று வாசகருக்குச் சொல்ல வேண்டிய இடம் வரும், நமக்கே அது சரியாகத் தெரியாது. அன்று ராத்திரிதான் "ஒரு சின்னப் பூனைக் கதை வரையலாமே" என்று தோன்றும். நான் பார்த்தவரை இது விதி மாதிரியே நடக்கிறது. தொடரைத் தொடங்குவதை மட்டும் தடுத்துவிட்டால் அந்த நாற்பது குதிரையும் தானாக வந்துவிடாது. வேறு ஏதாவது சாக்கு வரும். தளத்தின் வடிவமைப்பை மாற்றுவார், பழைய முதல் அத்தியாயத்தைத் திருத்தி வரைவார். இந்தத் திருத்தி வரைகிற வியாதி இருக்கிறதே, அது பக்கத் தொடரைவிட ஆபத்து. அதற்குத் தனித் திரி போடலாம்.

கரிக்கோல்:

ஒப்புக்கொள்கிறேன், குதிரைக்குப் பயந்து பூனைக்கு ஓடுகிறார்கள். அதனால்தான் அத்தியாயம் முடியும்வரை கூடாது என்கிறேன்! அத்தியாயம் முடிந்தது என்றால் குதிரையை வரைந்தாயிற்று என்று பொருள்.

நாலுகட்டம்:

ஹார்ட்ஸ்டாப்பரை என்ன செய்வீர்கள்? 2014-இல் வந்த ஒரு நாவலில் ஓரமாக வரும் இரண்டு பையன்கள். ஆசிரியருக்கு அவர்களை விட மனசில்லை, 2016-இல் அவர்களை வைத்து இணையத்தில் காமிக் தொடங்கினார். இன்று நாவலைவிட அந்தக் காமிக்கைத்தான் உலகத்துக்குத் தெரியும். ஓரத்தில் இருந்ததே நடுவுக்கு வந்தது. உங்கள் சட்டப்படி நடந்திருந்தால் அது பிறந்தே இருக்காது.

கரிக்கோல்:

பிறந்திருக்கும். அந்த நாவல் எழுதி முடித்து, அச்சாகி, கடைக்கும் வந்தபிறகுதான் காமிக் தொடங்கியது. என் பக்கச் சாட்சியை நீங்களே அழைத்து வந்திருக்கிறீர்கள், நன்றி.

புதன்கிழமை வாசகி:

பணத்தைப் பற்றி யாரும் பேசவில்லையே. நான் பேட்ரியான் தளத்தில் மாதாமாதம் பண ஆதரவு தரும் ஓவியர்கள் சிலர் உண்டு. அங்கே ஒரு மாதத்துக்கு வசூலை நிறுத்திவைக்கும் வசதி ஓவியர் கையிலேயே இருக்கிறது. எனக்குப் பிடித்த ஒருவர் பக்கத் தொடரில் இறங்கிய மாதம் அதைச் செய்தார், இரண்டு வரி எழுதினார், அவ்வளவுதான். ஒருவர்கூட விலகியதாகத் தெரியவில்லை. இன்னொருவர் முதன்மைத் தொடருக்கென்று வசூலித்துக்கொண்டே மாதக்கணக்கில் வேறொன்றை வரைந்தார். அரசனை நம்பிப் புருஷனைக் கைவிட்ட கதையாக, புதுத் தொடருக்கும் ஆள் சேரவில்லை, பழைய ஆட்களும் போய்விட்டார்கள்.

ஓவியர் எதை வரைய வேண்டும் என்று சொல்ல எனக்கு உரிமை கிடையாது. எதற்காகப் பணம் தருகிறேன் என்று தெரிந்துகொள்ளும் உரிமை உண்டு.

மைத்தடம்:

பணம் என்றதும் ஞாபகம் வருகிறது. மோசமான பக்க வேலை இன்னொரு காமிக் இல்லை, முன்கூட்டியே விற்றுவிட்ட வாக்குறுதி. ஆர்டர் ஆஃப் தி ஸ்டிக் என்ற வெப்காமிக் 2012-இல் கிக்ஸ்டார்ட்டரில் (வாசகர்களிடம் முன்பணம் திரட்டும் தளம்) இறங்கியது, அச்சில் இல்லாமல் போன புத்தகத்தைத் திரும்ப அச்சிட. கேட்டது 57,750 டாலர். வந்தது பன்னிரண்டரை லட்சம் டாலருக்கும் மேல். தொகை ஏற ஏற அதன் ஓவியர் புதுப் புதுக் குட்டிக் கதைகளைப் பரிசாக அறிவித்துக்கொண்டே போனார். அதே ஆண்டு செப்டம்பரில் அவர் கையில் பலத்த காயம், முதன்மைத் தொடரே மாதக்கணக்கில் நின்றது. ஒப்புக்கொண்ட கதைகளைத் தந்து முடிக்கப் பல ஆண்டுகள் ஆனது. மனிதர் கைவிட்டு ஓடவில்லை, அதைச் சொல்லியாக வேண்டும்.

சும்மா தொடங்கிய பூனைக் கதையைச் சும்மா நிறுத்தலாம். காசு வாங்கிய கதையை நிறுத்த முடியாது.

சும்மா ஒருவன்:

திரையைக் கீழே தள்ளித் தள்ளிப் படிக்கும் பெரிய ஸ்க்ரோல் தளங்களில் ஒப்பந்தம் போட்டு வாரம் ஓர் எபிசோடு தருகிறவர்களுக்கு இந்த விவாதமே கிடையாது. ஓர் எபிசோடுக்கு நாற்பது பேனலுக்கு மேல். உதவியாளர் வைத்தும் தூக்கம் இல்லை. பக்கத் தொடர் யோசிக்கக்கூட அவர்களுக்கு நேரமில்லை, நாம் இங்கே கொடுத்துவைத்தவர்கள் மாதிரி சண்டை போட்டுக்கொண்டிருக்கிறோம்.

நாலுகட்டம்:

சரி, இவ்வளவு வக்காலத்து வாங்கியதற்குக் காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். நானும் ஒன்று தொடங்கப்போகிறேன். 24 பக்கம், கறுப்பு வெள்ளை, பேய்க் கதை. முதன்மைத் தொடருக்கு இரண்டு மாதப் பஃபர், அதாவது முன்கூட்டியே வரைந்து வைத்த பக்கங்கள், கையில் சேர்ந்தபிறகுதான் பேயின் முதல் பக்கம் வெளியாகும். அது ஒரு மாதத்துக்குக் கீழே இறங்கினால் பேய் காத்திருக்கும். தம்ப்நெயில் கடைசிப் பக்கம் வரை போட்டாயிற்று, முடிவு எனக்குத் தெரியும்.

கரிக்கோல்:

பஃபர் கதையை நான் நம்புவதில்லை, அதை எண்ணிப் பார்க்க வெளியாட்களால் முடியாது. ஒவ்வொரு பக்கத்தின் மூலையிலும் 1/24, 2/24 என்று போடுங்கள். அப்போது வேண்டுமானால் பார்க்கலாம். முதன்மைத் தொடர் இப்போது எந்த இடத்தில் நிற்கிறது?

நாலுகட்டம்:

அட்டையோடு சேர்த்து 26. போடுகிறேன்.

முதன்மைத் தொடரில் அடுத்த பக்கம் கல்யாணக் காட்சி. கூட்டம் கொஞ்சம் அதிகம்.

மைத்தடம்:

எத்தனை குதிரை?