வெள்ளத் தணிப்பு வேலைக்குள் நுழைவது எப்படி?

வணக்கம். வயது 27, ஊர் ஏரல் பக்கம். 2019-இல் பி.இ. சிவில் முடித்து, திருநெல்வேலியில் ஒரு கட்டட கம்பெனியில் சைட் இன்ஜினியர். ஊர்மக்களோடு சேர்ந்து செய்யும் வெள்ளப் பேரிடர் தணிப்பு வேலைக்கு மாறப் பார்க்கிறேன். எட்டு மாதமாக எதுவும் நகரவில்லை.

2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. மழை கொட்டியபோது, தாமிரபரணி எங்கள் தெருவுக்குள்ளும் வந்தது. தண்ணீர் வடிந்தபின் வீடு வீடாகப் போய், சுவரில் நின்ற சேற்றுக் கோட்டின் உயரத்தை டேப் வைத்து அளந்து, கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் வரைபடமாக்கினேன். பாட்டிமார் கைகாட்டிய பழைய வெள்ள மட்டமும் அதில் உண்டு. என்னிடம் உருப்படியாக இருப்பது அது ஒன்றுதான்.

தேசிய பேரிடர் மேலாண்மை நிறுவனத்தின் இணையவழிப் பயிற்சி இரண்டு, பேரிடர் தன்னார்வலர்களுக்கான ஆப்த மித்ரா 12 நாள் பயிற்சி, இரண்டும் ஆச்சு. ஆறு தொண்டு நிறுவனங்களுக்கு விண்ணப்பித்தேன். பதில் போட்ட இரண்டு பேருமே சம்பளத்தோடு இரண்டு வருடக் கள அனுபவம் கேட்டார்கள். தன்னார்வ வேலை கணக்கில் சேராதாம்.

மும்பை டாட்டா சமூக அறிவியல் நிறுவனத்தில் பேரிடர் மேலாண்மை முதுகலை படிக்கலாம்தான். ஆனால் வீட்டுக் கடன் கழுத்தில் இருக்கிறது.

அந்த மாதிரி முதுகலை இல்லாமல் இந்தத் துறைக்குள் வந்தவர்கள், முதலில் எந்தப் பதவியில் சேர்ந்தீர்கள்?