ஏ.பி.எஸ். பெட்டியைத் திறந்து பழுதுபார்ப்பவர் மதுரையில் இருக்கிறாரா?

வணக்கம். எங்கள் 2014 மாடல் டீசல் காரில் ஒரு மாதமாக ஏ.பி.எஸ். (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) விளக்கு எரிகிறது. காலையில் கிளம்பும்போது எரிவதில்லை. செக்கானூரணி தாண்டி இன்ஜின் நன்றாகச் சூடானதும் வந்துவிடுகிறது. பம்ப் மோட்டார் சுற்றில் பழுது என்று ஸ்கேனர் சொல்கிறது.

நான்கு சக்கர சென்சார்களும் ஒரே வேகத்தைத்தான் காட்டுகின்றன. ஃபியூஸ், எர்த் ஒயர் எல்லாம் பார்த்தாயிற்று. மோட்டாருக்கு நேரடியாக 12 வோல்ட் கொடுத்தால் சுற்றுகிறது. ஆகவே ஏ.பி.எஸ்.ஸைக் கட்டுப்படுத்தும் எலெக்ட்ரானிக் பெட்டிக்குள் சால்டர் (ஈயப் பற்றவைப்பு) விரிசல் விட்டிருக்கும் என்றே நினைக்கிறேன். சூட்டில் மட்டும் பழுது தலைகாட்டுவது அதற்குப் பொருந்துகிறது.

ஒர்க்‌ஷாப்பில் முழு யூனிட்டையும் மாற்றச் சொல்கிறார்கள். பிரேக் குழாய்களைத் தொடாமல் எலெக்ட்ரானிக் பகுதியை மட்டும் கழற்ற முடிகிற வண்டியில் அது வீண் செலவு. பழைய பெட்டியையே சரிசெய்தால் புதிய பெட்டியை வண்டிக்கு ஏற்றபடி மென்பொருளில் கோடிங் செய்யும் வேலையும் மிச்சம்.

சாதாரண பிரேக் நன்றாகவே பிடிக்கிறது. ஆனால் மழையில் ஆண்டிபட்டிக் கணவாய் வழியாக அம்மாவை அழைத்து வர வேண்டும். ஈரச் சாலையில் சக்கரம் பூட்டிக்கொள்ளுமோ என்ற பயம் என்னை விடவில்லை.

மூடியைப் பக்குவமாக வெட்டித் திறந்து, சால்டர் வைத்து, நீர் புகாமல் மறுபடி அடைக்கத் தெரிந்தவர் மதுரையிலோ திண்டுக்கல்லிலோ இருந்தால் தயவுசெய்து சொல்லுங்கள். இதே பழுதைச் சரிசெய்தவர்கள், எத்தனை நாள் தாங்கியது என்பதையும் எழுதுங்கள்.