சயாம் ரயிலுக்குப் போன தாத்தா: அம்மாவுக்காக ஓர் உதவி

வணக்கம். கோலாலம்பூர் செந்தூலில் இருக்கிறேன். 1943இல் அம்மாவின் அப்பாவை ஜப்பான்காரர்கள் தோட்டத்திலிருந்து லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள், சயாம்-பர்மா (இன்றைய தாய்லாந்து-மியான்மர்) ரயில் பாதை போட. 415 கிலோமீட்டர். நம் ஆட்கள் பல்லாயிரம் பேர் போனார்கள். தாத்தா திரும்பினார், ஆனால் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை.

வாசலில் லாரி நின்றால் அம்மா இன்றும் பின்கதவைத் திறந்து வைப்பார். கட்டிலுக்கடியில் எப்போதும் பத்து கிலோ அரிசி. அவர் பிறந்ததே 1950இல்! நான் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன். போன வாரம் என் மகளின் தலையணை உறைக்குள் காய்ந்த ரொட்டித்துண்டுகள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். தமிழிலேயே பொறுமையாகப் பேசும் மனநல ஆலோசகர் கோலாலம்பூரில் யாராவது தெரியுமா? முன்பு பார்த்தவர் ஆங்கிலத்தில் கேட்டார், அம்மா தலையாட்டிவிட்டு வந்துவிட்டார். அப்புறம், உங்கள் வீட்டிலும் இப்படி உண்டா? உள்பெட்டியில் சொன்னாலும் சரி.