கும்பலுக்குப் பயந்து கனடா வந்த மலையகப் பிள்ளைகளுக்கு

பொகவந்தலாவை, மஸ்கெலியா, தலவாக்கலைப் பக்கமிருந்து வந்து டொரன்டோவில் அசைலம் (அகதித் தஞ்சம்) கேட்டிருக்கும் பிள்ளைகள் என்னிடம் கேட்பது ஒன்றைத்தான். "அண்ணே, எங்களைத் துரத்தினது ஆமியும் இல்ல, இயக்கமும் இல்ல. மீட்டர் வட்டிக்காரன்தான். கேஸ் நிக்குமா?"

நிற்கலாம். ஆனால் பயம் உண்மையாக இருந்தால் மட்டும் போதாது. அவன் ஏன் உன்னைத் தேடுகிறான் என்பதைச் சொல்ல வேண்டும்.

1951ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கை ஐந்து காரணங்களைத்தான் ஏற்கிறது: இனம், மதம், தேசியம், சமூகக் குழு, அரசியல் கருத்து. வெறும் காசுக்காக மிரட்டினான் என்றால் பெரும்பாலும் இதற்குள் வராது. ஆனால் லயத்தில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில்) கசிப்பு என்ற கள்ளச்சாராயம் விற்பவனுக்கு எதிராக உன் அம்மா கையெழுத்து சேர்த்தார், அவனுக்குப் பின்னால் அரசியல் கை இருக்கிறது, அதனால்தான் வீட்டை உடைத்தான் என்றால் கதை வேறு. அதை அரசியல் கருத்தாகவே வாதாடலாம். ஐ.நா. அகதிகள் ஆணையம் 2010இல் வெளியிட்ட வழிகாட்டலும் அதற்குத் துணை நிற்கிறது.

ஐந்தில் எதுவும் பொருந்தாவிட்டால் கனடாவின் குடிவரவு, அகதிகள் பாதுகாப்புச் சட்டத்தில் 97ஆம் பிரிவு இருக்கிறது. அங்கே உயிராபத்து உனக்கென்று தனியாக இருக்க வேண்டும். "ஊரில் எல்லாரிடமும் கப்பம் கேட்கிறான்" என்று நீயே சொன்னால் அந்தக் கதவை நீயே சாத்தியதாகிவிடும். உன் பெயர் சொல்லி எப்போது வந்தான், என்ன சொன்னான் என்று எழுது.

அப்புறம் பொலிஸ். அரசு உன்னைக் காப்பாற்றும் என்றுதான் இங்கே முதலில் எடுத்துக்கொள்வார்கள். இல்லை என்று நீதான் காட்ட வேண்டும். 1993இல் வார்ட் வழக்கில் கனடா உச்ச நீதிமன்றம் சொன்னது இது. உன்னைப் போன்ற நிலையில் இருந்தவர்களைப் பொலிஸ் கைவிட்டதையும் சாட்சியாக வைக்கலாம் என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது. பக்கத்து லயத்துக்காரரின் கடிதத்துக்கு மதிப்பு இருப்பது அதனால்தான். முறைப்பாட்டைச் சிங்களத்தில் எழுதி, வாசித்துக்கூடக் காட்டாமல் கையெழுத்து வாங்கியிருந்தால், அதையும் அப்படியே சொல்.

ஒரு ஹியரிங்கில் நானே பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். பையன், "தலைவர்கிட்ட போய்ச் சொன்னேன்" என்றான். அவன் சொன்னது தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவரை. மொழிபெயர்ப்பாளர் அதைக் கும்பல் தலைவன் என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டார். கும்பலோடு உனக்கு என்ன பேச்சு என்று கேள்வி வந்தது. பையனுக்கு முகம் வெளிறிவிட்டது. அவனுடைய லோயர் உடனே எழுந்து திருத்தினார். பிரட்டு (காலையில் வேலைக்கு ஆள் கூட்டுவது), லயம், தலைவர் எல்லாம் நம் ஊர்ச் சொற்கள். விளக்கிச் சொல்லுங்கள். தவறாகப் போனால் அந்த இடத்திலேயே நிறுத்துங்கள்.

கொழும்பில் போய் இருந்திருக்கலாமே என்றும் கேட்பார்கள். 1991இல் நம்மவர் ஒருவரின் வழக்கிலேயே, இராசரத்தினம் வழக்கில், இதற்கான அளவுகோல் வந்தது: அங்கே ஆபத்து இருக்கக்கூடாது, அங்கே போய் வாழச் சொல்வது நியாயமாகவும் இருக்க வேண்டும். கொழும்புக்குப் பக்கத்தில் வத்தளையில் மாமா வீட்டில் ஒளிந்திருந்தபோதும் தேடி வந்தானா? தேதியோடு எழுது.

கெஞ்சிக் கேட்கிறேன், வன்னிப் போர்க் கதையை மட்டும் கடன் வாங்காதீர்கள். ஒரு பொய் பிடிபட்டால் உண்மையான பயத்தையும் யாரும் நம்பமாட்டார்கள்.

சரி, இன்றைக்கே வீட்டுக்கு ஒரு கோல் எடு. பொலிஸில் தந்த முறைப்பாட்டு இலக்கத் துண்டு சாமிப்படத்துக்குப் பின்னால் எங்கேயாவது கிடக்கும். அம்மாவிடம் சொல்லிப் படம் பிடித்து அனுப்பச் சொல்.