கைமணிக் குழுவுக்குச் செவ்வியல் இசையை எழுதியபோது: உங்கள் அனுபவங்களைப் பகிருங்கள்

பாடகர் குழுவில் நின்று மொசார்ட்டின் ‘ஆவே வேரும் கார்ப்புஸ்’ பாடலைப் பல ஆண்டுகள் பாடியவள் நான். 1791 ஜூன் மாதம், இறப்பதற்கு ஆறு மாதங்களுக்கு முன் அவர் எழுதியது. மொத்தமே 46 தாளக்கட்டங்கள். இத்தனை சிறிய, இத்தனை மெதுவான பாடல் எங்கள் கைமணிக் குழுவுக்கு எளிதாக இருக்கும் என்று நம்பி எழுத உட்கார்ந்தேன். மூன்று ஆக்டேவ் (ஸ்தாயி), 37 மணிகள், 11 பேர். ஒரு மணிக்கு ஒரு சுரம்தான்; ஒருவர் கைக்கு ஒன்றாக இரண்டு மணிகளைப் பிடிப்பார், மற்றவை மேசையில் இருக்கும். தாழ்குரலின் சில சுரங்களை மட்டும் மேலே ஏற்றிவிட்டு, நான்கு குரல்களையும் அப்படியே படியெடுத்தேன். தாளில் ஒரு பிழை கிடையாது.

ஒத்திகையில் முதல் அடியைத் தாண்டவே முடியவில்லை. அங்கே மேல்குரல் ஏ, ஜி ஷார்ப் (ஜி-க்கு அரைச்சுரம் மேலே), ஜி என்று அரைச்சுரம் அரைச்சுரமாக இறங்கும். பாடலின் டி மேஜர் சுரவரிசையில் எஃப்-க்குப் பதில் எஃப் ஷார்ப் வருவதால் எங்கள் ஜி-க்காரர் ஒரு கையில் எஃப் ஷார்ப்பும் மறு கையில் ஜி-யும் வைத்திருந்தார். எஃப் ஷார்ப்பை ஒலித்த கையாலேயே அதைக் கீழே வைத்து, ஜி ஷார்ப்பை எடுத்து ஒலிக்க வேண்டும். பாடும்போது என் நெஞ்சை உருக்கிய அந்த இறக்கம், மேசைமேல் மணி உருளும் சத்தமாக வந்தது.

நடுவில் இன்னும் மோசம். இசை எஃப் மேஜர் பக்கம் திரும்பும்போது எஃப் ஷார்ப் போய் எஃப், சி ஷார்ப் போய் சி, பி போய் பி பிளாட் (பி-க்கு அரைச்சுரம் கீழே) வர வேண்டும். ஆக்டேவுக்கு ஆக்டேவ் இதே மாற்றம். குழுவில் பாதிப்பேர் ஒரே சமயத்தில் குனிந்தார்கள், இசை அறுந்தது. இதைக் கடந்து வந்தவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்.

குழு நடத்துபவர்:

நீங்கள் சொன்னதைப் படித்ததும் மணிகளுக்காக நான் எழுதிய முதல் இசைக்கோவை நினைவுக்கு வந்தது. நானும் பியானோவில் உட்கார்ந்துதான் எழுதினேன். பியானோவில் பத்து விரல்களுக்கும் எல்லாச் சுரங்களும் சொந்தம். கைமணியில் ஒவ்வொரு சுரத்துக்கும் ஓர் ஆள் உண்டு. இப்போதெல்லாம் சுரத்தை எழுதும் முன் கட்டம் போட்ட தாளில் ஒவ்வொருவருக்கும் இடக்கை, வலக்கை என இரண்டு வரிசைகள் வரைந்துகொள்கிறேன். எந்தக் கை எப்போது நிறைந்திருக்கிறது, எப்போது சும்மா இருக்கிறது என்று அதில் தெரிந்துவிடும். உங்கள் பாடலில் ஏ ஒலிக்கும் ஆளைப் பாருங்கள். அவர் மறு கையில் பி இருக்கிறது. அந்த இடத்தில் பி வராது என்றால், தொடக்கத்திலிருந்தே ஜி ஷார்ப்பை அவரிடம் கொடுத்துவிடலாம். ஜி-க்காரர் எதையும் மாற்ற வேண்டியதில்லை.

ஆனால் அதை ஜி ஷார்ப் என்றே கடைசிவரை எழுதுங்கள். ஒருமுறை நான் ஒரு பக்கத்தில் ஜி ஷார்ப் என்றும் அடுத்த பக்கத்தில் ஏ பிளாட் என்றும் எழுதிவிட்டேன். பியானோவில் இரண்டும் ஒரே கட்டை. எங்கள் மேசையிலோ இரண்டு பேர் ஒரே மணிக்குக் கை நீட்டினார்கள். அடுத்த முறை இருவருமே மற்றவர் எடுப்பார் என்று விட்டுவிட்டார்கள்.

தாழ்மணி வாசிப்பவர்:

நான் எழுதுபவன் அல்லன், எழுதியதை வாசிப்பவன். பாக்கெல்பெல் என்ற இசையமைப்பாளரின் ‘கேனன்’ இசையை வாசிக்கிறோம் என்றபோது உள்ளூர ஒரு சலிப்பு. அதில் தாழ்பகுதி அதே எட்டுச் சுரங்களை 28 முறை சுற்றிவரும். எங்களுக்கு எழுதியவர் இதை உணர்ந்து, சில சுற்றுகளில் மணியை மேசை விரிப்பில் கிடத்தி மாலெட்டால் (சிறு தட்டுக்கோலால்) தட்டச் சொன்னார். சிலவற்றில் மணியின் நாக்கை விரலால் சுண்டச் சொன்னார். கடைசிச் சுற்றுகளில் முழுதாக வீசி ஒலித்தோம். அந்த நிமிடத்துக்காக முந்தைய இருபது சுற்றுகளையும் காத்திருந்து வாசித்தேன்.

அவரிடமிருந்து இன்னொன்றும் கற்றேன். கைமணியில் அடிப்படைச் சுரத்தோடு ஓர் ஆக்டேவும் ஐந்தாம் சுரமும் மேலே இன்னொரு சுரம் ஒலிக்கும். பெரிய மணிகளில் அது காதில் நன்றாகவே விழும். தாழ்வாக டி-யையும் எஃப் ஷார்ப்பையும் சேர்த்து அடித்தால், எஃப் ஷார்ப்பிலிருந்து எழும் சி ஷார்ப் டி-யோடு மோதும். கீழே டி, ஏ மட்டும் வைத்து எஃப் ஷார்ப்பை மேலே ஏற்றுங்கள். டி மணிக்குள்ளேயே ஏ இருப்பதால் இரண்டும் ஒன்றாகக் கலந்துவிடும்.

வேகமான ஏறுவரிசைகளைக் கண்டு பயப்படாதீர்கள். ஆளுக்கு இரண்டு சுரம் என்று கைமாறி ஓடிவிடும். ஒரே சுரம் விரைந்து திரும்பத் திரும்ப வருவதுதான் எங்கள் மணிக்கட்டை ஒடிக்கும்.

இரண்டு ஆண்டுகளாக எழுதிவருபவர்:

எனக்குப் பாடம் சொன்னது எரிக் சாத்தியின் முதல் ‘ஜிம்னோபெடி’ என்ற பியானோ இசை, 1888-இல் வெளிவந்தது. மணிக்கென்றே பிறந்த இசை என்று நினைத்து, தொடக்கம் முதல் முடிவு வரை ‘அதிரவிடுக’ என்று குறித்தேன். எட்டே தாளக்கட்டங்களில் எல்லாம் கலந்து சேறாகிவிட்டது. கீழே ஜி-யும் டி-யும் மாறி மாறி வருகின்றன. ஒன்று அடங்காமலே மற்றது தொடங்கியது. பிறகு, அடிச்சுரம் மாறும் ஒவ்வொரு இடத்திலும் கீழ்மணிகளைத் தோளில் அணைத்து அடக்கச் சொன்னேன். மேலே மெட்டு மட்டும் மிதந்தது. மணியை எப்போது அடக்க வேண்டும் என்பதையும் சுரத்தைப் போலவே எழுத வேண்டும் என்று அன்றுதான் எனக்குப் புரிந்தது.

தொடங்கியவர்:

நன்றி. இந்த வாரம் கட்டம் போட்டு முழுவதையும் திரும்ப எழுதினேன். ஜி ஷார்ப் இப்போது ஏ-க்காரரிடம் இருக்கிறது. எஃப் மேஜர் திருப்பத்துக்கு முன், வேறு ஆக்டேவிலும் இரட்டிப்பாக வந்த சுரங்களை எடுத்துவிட்டேன். ஒருவர் மாற்றும்போது மற்றவர் ஒலிக்கிறார், எல்லாரும் ஒன்றாகக் குனிவதில்லை. ஒலி கொஞ்சம் மெலிகிறது, ஆனால் பாட்டின் அந்த இடத்துக்கு அது பொருந்துகிறது.

நேற்று ஒத்திகையில் முதல் அடி முடிந்ததும் ஜி-க்காரர் கையை உயர்த்தி நிறுத்தினார். எங்கே தவறு என்று கேட்டேன். “தவறு இல்லை, அந்த இறக்கத்தை இன்னொரு முறை கேட்க வேண்டும்” என்றார்.