‘நாட்வித்ஸ்டாண்டிங்’ என்று ஒரு ஷரத்து தொடங்கினால் எது செல்லும், எது அடங்கும்?

மணல்வீடு:

வணக்கம். புது வேலைக்கான ஒப்பந்தம் வந்திருக்கிறது. கையெழுத்துப் போடும் முன் வரி விடாமல் படித்துக்கொண்டிருக்கிறேன். ‘நாட்வித்ஸ்டாண்டிங்’ என்ற சொல் பல இடங்களில் வருகிறது. அகராதியில் ‘இருந்தபோதிலும்’, ‘ஆயினும்’ என்று பொருள் போட்டிருக்கிறார்கள். அதைக் கொண்டுபோய் வாக்கியத்தில் பொருத்தினால் எதற்கு எது அடங்குகிறது என்பது பிடிபடவில்லை.

4-ஆம் ஷரத்து: யார் விலகினாலும், நிறுவனமானாலும் ஊழியரானாலும், 60 நாள் நோட்டீஸ் தரவேண்டும்.

9-ஆம் ஷரத்து “நாட்வித்ஸ்டாண்டிங் கிளாஸ் 4” என்று தொடங்குகிறது (‘கிளாஸ்’ என்றால் ஷரத்து). புரொபேஷன் காலத்தில் நிறுவனம் 7 நாள் நோட்டீஸில் வேலையை முடித்துக்கொள்ளலாம் என்று அடுத்து வருகிறது.

சொல்லுக்குள் ‘நாட்’ இருப்பதால் 4-ஆம் ஷரத்தே இல்லை என்று ஆகிவிடுமா? அல்லது 4-க்கு மாறாகப் போகாத அளவுக்குத்தான் 9 செல்லும் என்று எடுத்துக்கொள்ள வேண்டுமா? இரண்டும் நேர் எதிராக இருக்கிறதே. இன்னொன்று, 12-ஆம் ஷரத்தில் ‘சப்ஜெக்ட் டு கிளாஸ் 15’ என்று இருக்கிறது. அதுவும் இதுவும் ஒன்றுதானா?

சொல்தேடி:

சுலபமான வழி: அந்தச் சொல்லை எடுத்துவிட்டு ‘டிஸ்பைட்’ என்று வைத்துப் படியுங்கள். பத்தில் ஒன்பது இடத்தில் பொருள் மாறாது. ‘4-ஆம் ஷரத்து இருந்தாலும்கூட, நிறுவனம் 7 நாளில் முடித்துக்கொள்ளலாம்.’ ‘சப்ஜெக்ட் டு’ என்பதும் கிட்டத்தட்ட அதே வகைதான் என்று நினைக்கிறேன். சட்டக்காரர்கள் இரண்டையும் மாற்றி மாற்றிப் போடுவார்கள்.

வரைவுமேசை:

முதல் பாதி சரி. ‘சப்ஜெக்ட் டு’ பற்றிச் சொன்னதை மட்டும் நம்பிப் போகாதீர்கள், அது இதற்கு நேர் எதிர். ஒப்பந்தங்கள் எழுதுவதுதான் என் வேலை. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டால் ஒப்பந்தமே தலைகீழாகிவிடும். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

‘நாட்வித்ஸ்டாண்டிங்’ என்ற சொல்லோடு எந்தப் பெயர் ஒட்டிக்கொண்டு வருகிறதோ அதுதான் விட்டுக்கொடுக்கும். உங்கள் வாக்கியத்தில் ஒட்டியிருப்பது ‘கிளாஸ் 4’. ஆகவே மோதல் வந்தால் 4 ஒதுங்கும், 9 செல்லும். ‘4-ஆம் ஷரத்து குறுக்கே நிற்காது’ என்று தமிழில் படித்துப் பாருங்கள், உடனே விளங்கும்.

‘சப்ஜெக்ட் டு’ வந்தால் ஒட்டியிருக்கும் பெயர்தான் மேலே. ‘சப்ஜெக்ட் டு கிளாஸ் 15’ என்றால் ‘15-ஆம் ஷரத்துக்கு உட்பட்டு’. அதாவது 12 சொல்வது செல்லும், ஆனால் 15 வேறு விதமாகச் சொன்னால் 15 சொல்வதே முடிவு. ‘உட்பட்டு’ என்ற நம் சொல்லே யார் கீழே என்பதைக் காட்டிவிடுகிறது.

அப்புறம், 4-ஆம் ஷரத்தே இல்லாமல் போய்விடுமா என்று கேட்டீர்கள். போகாது. பெரும்பாலானவர்கள் தடுமாறும் இடம் இதுதான். 9 எந்த இடத்தில் 4-உடன் மோதுகிறதோ அந்த இடத்தில் மட்டும் 4 ஒதுங்குகிறது. மற்ற எல்லா இடத்திலும் அப்படியே உயிரோடு இருக்கிறது. உங்கள் 9-ஆம் ஷரத்தைத் திரும்பப் படியுங்கள். புரொபேஷன் காலம் என்று இருக்கிறது, ஆகவே புரொபேஷன் முடிந்ததும் 60 நாள் திரும்ப வந்துவிடும். ‘நிறுவனம்’ 7 நாளில் முடித்துக்கொள்ளலாம் என்று இருக்கிறது. ஊழியர் விலகுவதைப் பற்றி அதில் ஏதாவது இருக்கிறதா?

மணல்வீடு:

இல்லை! நிறுவனம் என்று மட்டும்தான் இருக்கிறது. அப்படியானால் புரொபேஷனில் அவர்கள் என்னை 7 நாளில் அனுப்பலாம், நான் விலகுவதென்றால் 60 நாள் கொடுக்கவேண்டுமா?

வரைவுமேசை:

நீங்கள் எழுதியிருக்கும் வாசகத்தின்படி அப்படித்தான் படிக்கவேண்டியிருக்கிறது. ஊழியர் தரும் நோட்டீஸைப் பற்றி 9 வாய் திறக்கவில்லை, ஆகவே அங்கே மோதல் இல்லை. மோதல் இல்லாத இடத்தில் 4 தான் ஆளும். வேறு ஷரத்து எதுவும் இதை மாற்றுகிறதா என்று முழு ஒப்பந்தத்தையும் பார்த்துவிடுங்கள். இல்லையென்றால், ‘நிறுவனம்’ என்ற இடத்தில் ‘இரு தரப்பில் எவரும்’ என்று மாற்றித் தரும்படி கையெழுத்துக்கு முன்பே எழுத்தில் கேளுங்கள். இது அடாவடியான கோரிக்கை இல்லை. தயங்காமல் கேட்கலாம்.

குறுக்கெழுத்து:

இரண்டு சொல்லையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க இந்திய அரசமைப்புச் சட்டத்தின் 246-ஆம் பிரிவைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. நாடாளுமன்றமும் மாநிலச் சட்டமன்றங்களும் எந்தெந்தப் பொருளில் சட்டம் இயற்றலாம் என்பதைப் பிரித்துக்கொடுக்கும் பிரிவு அது.

உட்பிரிவு 1, ஒன்றியப் பட்டியலில் உள்ளவற்றுக்கு நாடாளுமன்றத்துக்கே அதிகாரம் என்கிறது. தொடக்கம்: உட்பிரிவு 2, 3 ஆகியவற்றில் எது இருந்தாலும் ‘நாட்வித்ஸ்டாண்டிங்’. உட்பிரிவு 3, மாநிலப் பட்டியலில் உள்ளவற்றுக்கு மாநிலச் சட்டமன்றத்துக்கு அதிகாரம் என்கிறது. தொடக்கம்: உட்பிரிவு 1, 2 ஆகியவற்றுக்கு ‘சப்ஜெக்ட் டு’. நடுவில் இருக்கும் உட்பிரிவு 2, இரு தரப்பும் சட்டம் இயற்றக்கூடிய பொதுப் பட்டியலைப் பற்றியது. அதில் இரண்டு சொல்லும் ஒரே வாக்கியத்தில் வருகின்றன: 3-ஐப் பார்த்து ‘நாட்வித்ஸ்டாண்டிங்’, மாநிலச் சட்டமன்றத்தைச் சொல்லும்போது 1-ஐப் பார்த்து ‘சப்ஜெக்ட் டு’.

ஆக 1 மேலே, 2 நடுவே, 3 கீழே. மேலே இருப்பது கீழே பார்த்து ‘நாட்வித்ஸ்டாண்டிங்’ என்கிறது. கீழே இருப்பது மேலே பார்த்து ‘சப்ஜெக்ட் டு’ என்கிறது. ஒரே உறவை இரு முனையிலிருந்தும் சொல்லிவிட்டார்கள், சந்தேகத்துக்கே இடம் வைக்காமல். மாநில உரிமை பற்றிய எத்தனையோ பெரிய விவாதங்களுக்கு அடியில் இந்த இரண்டு சொல் கிடக்கின்றன. ஒரு சொல்லின் கனத்தை உணர இந்தப் பிரிவை ஒருமுறை ஆங்கிலத்திலேயே படித்துவிடுங்கள்.

சொல்தேடி:

தெளிவாகிவிட்டது, நன்றி. ‘உட்பட்டு’ என்று வைத்துப் படித்தால் குழப்பமே இல்லை. சரி, இந்தச் சொல் எப்படி இவ்வளவு நீளமாக ஒட்டிப்போனது? ‘வித்ஸ்டாண்டிங்’ என்றால் தாக்குப்பிடிப்பது அல்லவா?

இலக்கணப்பித்து:

தாக்குப்பிடிப்பது, எதிர்த்து நிற்பது. பழைய ஆங்கிலத்தில் ‘வித்’ என்பதற்கு ‘எதிராக’ என்று பொருள். இன்று அது ‘உடன்’ என்று மாறிவிட்டது, பழைய பொருள் ‘வித்ஸ்டாண்ட்’ போன்ற சில சொற்களில் மட்டும் தங்கியிருக்கிறது. ஆகவே ‘நாட்வித்ஸ்டாண்டிங்’ என்றால் ‘எதிர்த்து நில்லாமல்’. வரைவுமேசை சொன்ன ‘குறுக்கே நிற்காது’ என்பது அப்படியே சொல்லின் உடல்.

ஆங்கிலத்துக்கு இந்த அமைப்பு லத்தீனின் ‘நான் அப்ஸ்டான்டே’ என்ற தொடரிலிருந்து, பிரெஞ்சு வழியாக வந்தது. அதற்கும் பொருள் ‘தடையாக நில்லாமல்’. ‘அப்ஸ்டகிள்’ என்ற சொல்லும் அதே வேரிலிருந்து வந்ததுதான். இந்தியாவில் வழக்கறிஞர்கள் இவ்வகை ஷரத்தை இன்றும் ‘நான் அப்ஸ்டான்டே கிளாஸ்’ என்றே சொல்கிறார்கள்.

இதற்குப் பின்னால் ஒரு பெரிய சண்டையே இருக்கிறது. இங்கிலாந்து மன்னர்கள், ‘இன்ன சட்டம் தடையாக நில்லாமல்’ என்று எழுதிக்கொடுத்து, வேண்டியவர்களுக்குச் சட்டத்திலிருந்து விலக்கு அளித்துவந்தார்கள். நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தை மன்னர் ஒரு சொல்லால் ஓரங்கட்டலாம் என்ற நிலை. 1689-இன் உரிமைச் சட்டம் இதற்கு முடிவு கட்டியது: அந்தந்தச் சட்டமே இடம் கொடுத்தால் ஒழிய, ‘நான் அப்ஸ்டான்டே’ வைத்து விலக்கு அளிப்பது செல்லாது என்று அந்தத் தொடரைப் பெயர் சொல்லியே தடுத்தது. இன்று அதே கருவி சட்டம் எழுதுபவர்கள் கையில் இருக்கிறது.

மணல்வீடு:

ஒப்பந்தத்தை முழுவதும் திரும்பப் படித்தேன். ஊழியரின் நோட்டீஸை 4 தவிர வேறு எதுவும் தொடவில்லை. மாற்றச் சொல்லிக் கேட்கப்போகிறேன். ஆனால் 18-இல், ‘இந்த ஒப்பந்தத்தில் அடங்கிய எது எவ்வாறிருப்பினும்’ என்ற பொருளில் ஒரு ‘நாட்வித்ஸ்டாண்டிங்’ வருகிறது. வேலை விட்டுப் போன பிறகும் ரகசியம் காக்கவேண்டும் என்ற ஷரத்து அது. இது மற்ற எல்லாவற்றையும் அடித்துவிடுமா?

வரைவுமேசை:

ரகசியம் காக்கும் விஷயத்தில் மட்டும் ஆமாம். 9-இல் ஒரே ஒரு ஷரத்தைச் சுட்டினார்கள், 18-இல் ஒப்பந்தம் முழுவதையும் சுட்டியிருக்கிறார்கள். வலை பெரிது, ஆனால் அது விழும் இடம் ரகசியம் என்ற ஒரு குளம்தான். உங்கள் சம்பளத்தையோ விடுப்பையோ அது தொடாது.

இப்படி ஒரு ஷரத்தைப் பார்த்தால் இரண்டு கேள்வி கேளுங்கள். எதையெல்லாம் ஒதுக்குகிறது? எந்த விஷயத்துக்காக ஒதுக்குகிறது? கனடாவின் 1982 உரிமைச் சாசனத்தில் உள்ள 33-ஆம் பிரிவை உலகமே ‘நாட்வித்ஸ்டாண்டிங் கிளாஸ்’ என்றுதான் அழைக்கிறது. அதுவே இந்த இரண்டு கேள்விக்கும் ஒழுங்காகப் பதில் சொல்லிவிடுகிறது. சாசனத்தின் 2-ஆம் பிரிவும் 7 முதல் 15 வரையுள்ள பிரிவுகளும் இருந்தாலும் ஒரு சட்டம் செல்லும் என்று சட்டமன்றம் அறிவிக்கலாம். அந்த அறிவிப்புக்கு ஆயுள் 5 ஆண்டு, வேண்டுமானால் புதுப்பிக்கலாம். 3-ஆம் பிரிவில் இருக்கும் வாக்குரிமை அந்தப் பட்டியலில் இல்லை, ஆகவே அதைத் தொட முடியாது. எதை ஒதுக்கலாம் என்று எண் போட்டுச் சொன்னதால் எதை ஒதுக்க முடியாது என்பதும் தானாகத் தெரிந்துவிடுகிறது. ஒப்பந்தத்திலும் இப்படி எண்ணைச் சுட்டி எழுதுவதுதான் எனக்குப் பிடித்த முறை. ‘எது எவ்வாறிருப்பினும்’ என்று பொத்தாம்பொதுவாக எழுதுவது பல நேரம் சோம்பேறித்தனம். ஒரே ஒப்பந்தத்தில் இரண்டு ஷரத்து அப்படி எழுதப்பட்டு ஒன்றோடொன்று மோதினால் பாடு பெரும்பாடு.

மணல்வீடு:

மிக்க நன்றி. இன்னும் ஒரே ஒரு சந்தேகம். இந்தச் சொல்லை நான் எழுதும் மின்னஞ்சல்களில் பயன்படுத்தலாமா? ‘எனக்கு உடம்பு சரியில்லாதபோதும் வேலையை முடித்தேன்’ என்பதற்கு, ‘நாட்வித்ஸ்டாண்டிங் ஐ வாஸ் சிக்’ என்று எழுதினால் சரியா?

இலக்கணப்பித்து:

வேண்டாம். இந்தச் சொல்லுக்குப் பக்கத்தில் ஒரு பெயர்ச்சொல் வரவேண்டும், எழுவாய் பயனிலையோடு முழு வாக்கியம் வரக்கூடாது. பழைய நூல்களில் அப்படி வரும், இன்றைய எழுத்தில் உறுத்தும். ‘நாட்வித்ஸ்டாண்டிங் மை இல்னஸ்’ என்றால் இலக்கணம் சரி. முழு வாக்கியம்தான் வேண்டுமென்றால் ‘ஆல்தோ ஐ வாஸ் சிக்’ என்று எழுதுங்கள், அதுவே இயல்பு. பின்னால் ‘ஆஃப்’ போடக்கூடாது, ‘டு’வும் போடக்கூடாது. சேர்த்து ஒரே சொல்லாக எழுதவேண்டும். ‘நாட்’டைத் தனியே பிரித்தால் ‘தாக்குப்பிடிக்காமல்’ என்று வேறு பொருளாகிவிடும்.

அந்தப் பெயர்ச்சொல் முன்னாலும் வரலாம் என்பது இந்தச் சொல்லுக்கு உள்ள தனி அழகு. ‘மை இல்னஸ் நாட்வித்ஸ்டாண்டிங்’ என்றும் எழுதலாம். ‘டிஸ்பைட்’டை இப்படிப் பின்னால் வைக்க முடியாது. தமிழில் ‘மழையையும் மீறி’ என்று பெயருக்குப் பின்னால் சொல்லிப் பழகிய நமக்கு இந்த வரிசை எளிதாக வரும். முன்னால் வந்தாலும் பின்னால் வந்தாலும் ஒட்டியிருக்கும் பெயர்தான் விட்டுக்கொடுப்பது, அதில் மாற்றமில்லை.

‘இர்ரெஸ்பெக்டிவ் ஆஃப்’ என்பதோடும் இதைக் கலந்துவிடாதீர்கள். அது ‘எதுவானாலும் ஒன்றுதான்’ என்ற பொருள். வயது எதுவானாலும் சேரலாம் என்பதற்கு அது. ‘நாட்வித்ஸ்டாண்டிங்’ வந்தால் உண்மையிலேயே ஒரு தடை இருக்கவேண்டும். வயது தடையாக இருந்தும் மலையேறினார் என்பதற்கு இது.

உச்சரிப்பில் அழுத்தம் ‘ஸ்டாண்’ மேல்.

வரைவுமேசை:

மின்னஞ்சலுக்கு ‘டிஸ்பைட்’ போதும். எளிய நடையை வலியுறுத்துபவர்கள் ஒப்பந்தத்திலும் அதையே போடச் சொல்கிறார்கள், எனக்கும் அதில் உடன்பாடுதான். நிறுவனத்துக்கு எழுதும்போது, ‘9-ஆம் ஷரத்தில் உள்ள 7 நாள் நோட்டீஸ் இரு தரப்புக்கும் பொருந்துமாறு திருத்தித் தர வேண்டுகிறேன்’ என்று நேராகக் கேளுங்கள். பொருந்தும் என்று போனில் சொன்னாலும் போதாது, திருத்திய பக்கம் கைக்கு வந்த பிறகு கையெழுத்துப் போடுங்கள்.

மணல்வீடு:

அப்படியே எழுதி அனுப்பிவிட்டேன். திருத்திய பிரதி அனுப்புவதாகப் பதில் வந்திருக்கிறது. வந்ததும் 4, 9 இரண்டையும் இங்கே போடுகிறேன், ஒருமுறை பார்த்துச் சொல்லுங்கள்.